மூலமும் மெய்ம்மையும்: பழைய பந்தயக் கார்களின் மாற்றுடல் வரலாறு

1990ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் என்பார் விந்தையான வழக்கொன்றில் தீர்ப்பு வழங்கினார். வழக்கின் பொருள் ஒரு பழைய கார். ஒரு கோடி பவுண்டு மதிப்பில் அதனை வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், பின்னர், 'நீங்கள் விற்க வந்திருப்பது அந்தக் கார் அன்று' என்று கூறிப் பின்வாங்கிற்று. விற்றவர் நீதிமன்றம் ஏறினார். காரை எவரும் திருடவில்லை. பெயர் மாற்றி விற்கவும் இல்லை. அது எங்கிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்கு ஆவணங்கள் இருந்தன. ஆயினும் 'இது அதுதானா?' என்னும் வினா எஞ்சி நின்றது. அவ்வினாவுக்கு விடையளிக்கும் பொறுப்பு ஒரு நீதிபதியின் தோளில் விழுந்தது.

கார்களைப் பற்றித் தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி எழுதுவானேன் என்று வட்டத்து அன்பர்கள் வியக்கக்கூடும். பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள், வழக்கம்போல் ஏதேனும் ஓர் இலக்கியக் கட்டுரையையே என்னிடம் எதிர்பார்த்திருப்பர். என் முனைவர்ப் பட்ட ஆய்வு பழந்தமிழ் நூல்களின் பதிப்பு வரலாறு குறித்தது. மூலம், படி, பாடவேறுபாடு, இடைச்செருகல் ஆகிய சொற்களோடு நெடுங்காலம் புழங்கிய எனக்கு, அவை ஏட்டுக்கும் எழுத்துக்குமே உரியவை என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. மேற்சொன்ன தீர்ப்பைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது அவ்வெண்ணம் குலைந்தது. ஓர் எந்திரத்தை முன்வைத்து, நம் பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட அதே சிக்கலை அந்நீதிபதி எதிர்கொண்டிருக்கக் கண்டேன். மேலும் ஒன்று. 'மகிழுந்து' என்று எழுதிப் பழகிய கைதான் இது. ஆயினும் இங்குக் கூறப்படும் வண்டிகளில் பயணம் செய்தோர் அனைவரும் மகிழ்ந்து இறங்கினார் அல்லர். ஆதலின் 'கார்' என்றே எழுதிச் செல்கிறேன்.

வழக்குக்குரிய காரின் பெயர் 'ஓல்டு நம்பர் ஒன்'. பழைய முதலாம் எண் எனலாம். டபிள்யூ. ஓ. பென்ட்லி 1919இல் தொடங்கிய நிறுவனம் இலண்டனின் கிரிக்கில்வுட் பகுதியில் கட்டிய 'ஸ்பீடு சிக்ஸ்' வகைக் கார் அது. ஆறரை லிட்டர் எஞ்சின். திண்ணிய எஃகு அடிச்சட்டம். அதன்மேல் மரச்சட்டம் அமைத்துத் துணி போர்த்திய இலேசான கூடு. பிரான்சு நாட்டு லெ மான் நகரில் 1923 முதல் நடந்துவரும் 24 மணிநேரப் பந்தயத்தில், 1929ஆம் ஆண்டு உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்க்கினும் இக்காரை ஓட்டி வென்றனர். மறு ஆண்டு பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் இதே காரில் மீண்டும் வென்றனர். வைர வணிகக் குடும்பத்தில் பிறந்த பர்னாட்டோதான் பென்ட்லி நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துத் தாங்கிய தலைவரும் ஆவார். லெ மானில் மூன்று முறை ஓட்டி மூன்று முறையும் வென்றவர் அவர்.

1931இல் நிறுவனம் நொடித்து ரோல்ஸ் ராய்ஸ் வசம் சென்றது. கார் மட்டும் ஓய்வு பெறவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸ் தடத்தில் நடந்த 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபீயும் சிரில் பாலும் அதை ஓட்டி வென்றனர். மறு ஆண்டுப் பந்தயத்துக்கென எட்டு லிட்டர் எஞ்சின் பூட்டப்பெற்றது; அடிச்சட்டமும் மாறியிருந்தது. 1932 செப்டம்பர் 24ஆம் நாள், ஜாக் டன்ஃபீயிடமிருந்து காரை வாங்கி அவர்தம் தம்பி கிளைவ் டன்ஃபீ ஓட்டினார். ப்ரூக்லண்ட்ஸ் தடம் வளைவுகளில் கிண்ணத்தின் விளிம்புபோல் சரிந்து உயர்ந்தது. அவ்விளிம்பின் உச்சியை அவருடைய சக்கரம் தாண்டிற்று. கார் மரங்களுக்கிடையே வெளிப்புறம் வீழ்ந்தது. கிளைவ் டன்ஃபீ அங்கேயே இறந்தார்.

சிதைந்த காரைப் பர்னாட்டோ கைவிட்டாரல்லர். அதனைத் திரும்பக் கட்டுவித்தார். இம்முறை பந்தயக் கூடு இல்லை. சாலையில் செல்வதற்குரிய மூடிய கூடு. அவ்வுருவில் அது பல கைகள் மாறிற்று. பல பத்தாண்டுகள் கழித்து வாங்கிய ஒருவர் மூடிய கூட்டை நீக்கிவிட்டு, லெ மான் வெற்றிக் காலத்துத் தோற்றத்தில் புதிய கூடு செய்து பூட்டினார். அக்கோலத்தில்தான் 1990இல் அது நீதிமன்றத்தின் ஆய்வுக்கு வந்தது.

நீதிபதி செய்த பணி, ஒரு பதிப்பாசிரியர் ஏடுகளை ஒப்பு நோக்குவதை ஒத்திருந்தது. எந்த உறுப்பு எந்த ஆண்டுக்குரியது என்று அடுக்கடுக்காகப் பிரித்தார். 1929இல் லெ மானில் ஓடிய காரிலிருந்து, காலம் கணிக்கவியலாத சிறு பொருத்துகள் நீங்கலாக ஏறக்குறைய ஒன்றுமே எஞ்சவில்லை. 1930ஆம் ஆண்டுக் காரிலிருந்து எஞ்சியவை மூன்றே: பெடல்கள் இயங்கும் தண்டு, கியர்ப் பெட்டியின் மேலுறை, ஸ்டீரிங் தண்டு. அடிச்சட்டம், அச்சுகள், எட்டு லிட்டர் எஞ்சின் முதலியவை 1932ஆம் ஆண்டு விபத்துக் காருக்குரியவை. கண்ணுக்குத் தெரியும் கூடோ புத்தம் புதியது.

இனி முடிவு. 'ஒரிஜினல்' என்னும் சொல்லை நீதிபதி மிகக் கறாராகப் பொருள்கொண்டார். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த உறுப்புகளே இன்றும் இருந்தால்தான் அது ஒரிஜினல். அந்த அளவுகோலின்படி இக்கார் ஒரிஜினல் அன்று. எனினும், இது சிதறிய துண்டுகளைப் பொறுக்கி உயிர்ப்பித்த ஒன்றோ, இல்லாத காரைப் பார்த்துச் செய்த போலியோ அன்று என்றும் அவர் கூறினார். 1929இல் பந்தயப் பட்டறையிலிருந்து வெளிவந்த நாள்முதல் அதன் வரலாறு ஓரிடத்தும் அறுபடவில்லை. 'நானே அந்தக் கார்' என்று உரிமை கோர உலகில் வேறொரு கார் இல்லை. ஆதலின் இது மெய்யான பழைய முதலாம் எண்ணே என்றார். வாங்க ஒப்பியவர்கள் ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டும் என்பது தீர்ப்பு.

மூலம் வேறு, மெய்ம்மை வேறு என்னும் இப்பகுப்பு எண்ணத்தக்கது. நம் கடைத்தெருவில் 'ஒரிஜினல்' என்பது முற்றிலும் வேறு பொருளில் வழங்குகிறது. சென்னைப் புதுப்பேட்டையில் 'ஒரிஜினல் ஸ்பேர்' என்று கேட்டால், வண்டி செய்த அதே நிறுவனத்தின் முத்திரை கொண்ட உறுப்பு என்று கடைக்காரர் பொருள்கொள்வார். அதற்கு எதிர்ச்சொல் 'டூப்ளிகேட்'. நேற்றுப் பெட்டியிலிருந்து பிரித்த புத்தம் புதிய உறுப்பும் அங்கே ஒரிஜினல்தான். ஆட்டன் நீதிபதியின் அகராதியில் அதே உறுப்பு ஒரிஜினல் ஆகாது, அது மாற்றுறுப்பு. செய்த கை ஒன்றேயாயினும் செய்த காலம் வேறு. ஒரே சொல் செய்தவனைக் குறிக்கிறதா, செய்த பொழுதைக் குறிக்கிறதா என்ற தெளிவின்மையில் கோடிக்கணக்கான பணம் கைமாறி வந்திருக்கிறது. சொற்பொருளை எடைபோடுவது புலவர் வேலை என்று ஒதுக்குவோர் இவ்வழக்கைப் படிக்க வேண்டும்.

தீர்ப்பை நான் பெரிதும் ஏற்கிறேன்; ஓரிடம் மட்டும் உறுத்துகிறது. வரலாறு அறுபடாமையே மெய்ம்மைக்குச் சான்று எனின், அந்த வரலாற்றில் 1932உம் உண்டு. கிளைவ் டன்ஃபீ இறந்த கார் உண்டு. அதன்பின் நெடுங்காலம் சாலையில் ஓடிய மூடிய கார் உண்டு. லெ மான் வெற்றிக் கோலத்தில் புதிய கூடு அணிவித்தபோது பின்னிரண்டும் பார்வையிலிருந்து மறைந்தன. எஞ்சியிருக்கும் உறுப்புகள் பெரும்பாலும் சாவு நேர்ந்த காருக்குரியவை. உடுத்தியிருக்கும் உடையோ வெற்றி பெற்ற காருக்குரியது. மாற்றுறுப்பு பூட்டியதை நான் குறை கூறவில்லை. எந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொள்வது என்பதை உடைமையாளரின் விருப்பம் முடிவு செய்துவிடுகிறதே என்பதுதான் என் தயக்கம்.

இனி, காரின் 'உடல்' என்பது என்ன? நாமக்கல், கரூர்ப் பக்கத்தாருக்கு இது எளிதில் விளங்கும். எஞ்சினும் சக்கரங்களும் பொருந்திய வெறும் சேசிஸாக வந்திறங்கும் லாரிக்கும் பேருந்துக்கும் அங்கே 'பாடி கட்டுவர்'. ஐரோப்பாவிலும் உயர்ந்த கார்கள் இம்முறையில்தான் பிறந்தன. ஒரு நிறுவனம் சேசிஸ் செய்யும். குதிரை வண்டிக் காலத்திலிருந்து தொழில் செய்துவந்த வேறொரு பட்டறை கூடு கட்டும். அந்நாளில் கூடு என்பது உடை போன்றது. கிழிந்தால் மாற்றுவர், வழக்கொழிந்தாலும் மாற்றுவர். எவரும் அதை உடலென்று எண்ணி வருந்தியதாகத் தெரியவில்லை.

இத்தாலிய மோதேனா நகரத்து ஸ்காலியெத்தி பட்டறையில் ஃபெராரி கார்களுக்கு அலுமினியக் கூடு கட்டிய விதம் கேட்கச் சுவையானது. நுணுக்கமான வரைபடங்களை நம்பி அவர்கள் வேலை செய்யவில்லை. கம்பிகளை வளைத்து உருவத்தின் எலும்புக்கோடுகளை அமைப்பர். தகட்டை மணற்பையின்மேல் கிடத்திச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குழிப்பர், கம்பியோடு ஒட்டவைத்துப் பார்ப்பர், மீண்டும் தட்டுவர். கண்தான் அளவுகோல். அதனால் ஒரே காரின் இடப்பாதியும் வலப்பாதியும் முழுமையாக ஒத்திரா. ஒரே வகைக் கார்கள் இரண்டை அருகருகே நிறுத்தினால் வளைவுகள் விரற்கடை அளவு வேறுபடும். இக்காலத்துப் பட்டறைகள் கணினியின் துணையால் இருபுறமும் ஒத்த புதிய தகடுகளைச் செய்து பூட்டும்போது கார் பழையதைவிடச் செப்பமாகிவிடுகிறது. செப்பமான அந்த ஒப்புமையே அது புதிய தகடு என்பதைக் காட்டிக் கொடுத்தும் விடுகிறது. அகவற்பாவில் தளை தட்டும் இடத்தைத் தாமே 'திருத்தி' அச்சிட்ட பதிப்பாசிரியர்களை ஈண்டு நினையாமல் இருக்க முடியவில்லை.

மிலான் நகரத்து டூரிங் பட்டறையார் 1936இல் 'சூப்பர்லெஜ்ஜெரா' என்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். 'மிக இலேசானது' என்பது பொருள். மெல்லிய எஃகுக் குழாய்களால் கூண்டு பின்னி, அதன்மேல் அலுமினியத் தகடு போர்த்துவது அம்முறை. பின்னாளில் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனமும் உரிமம் பெற்று இதைக் கைக்கொண்டது. அழகும் விரைவும் கைகூடின. ஆனால் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் மின்வேதிவினை நிகழ்ந்து அலுமினியம் வெண்பொடியாய் உதிரும். எஃகுக் குழாயும் உள்ளே துருவேறும். வெளித்தகடு பளபளக்கும், உள்ளே கூண்டு செத்திருக்கும். கூண்டைச் செப்பனிட வேண்டுமானால் தகட்டைக் கழற்ற வேண்டும்; கழற்றும்போதோ விளிம்புகள் கிழிந்துபோகும். ஒன்றைக் காக்க ஒன்றை இழக்கும் நிலை காரின் பிறப்பிலேயே அமைந்துவிட்டது.

பந்தயம் நடந்த காலத்தில் தொழிற்சாலைகளுக்கே இவ்வுறுத்தல் இருந்ததில்லை என்பதையும் கூறவேண்டும். 1962 முதல் 1964 வரை ஃபெராரி நிறுவனம் '250 ஜிடிஓ' என்னும் காரை 36 என்ற அளவிலேயே கட்டிற்று. 1964இல் கூட்டின் வடிவம் மாறியது. முன்பே கட்டியவற்றுள் சிலவற்றின் கூட்டை நீக்கிவிட்டுத் தொழிற்சாலையே புதிய வடிவைப் பூட்டியது. அவற்றுக்கு எது மூலக்கூடு? பிறந்தபோது இருந்ததா, பெற்றவரே மாற்றியதா? இவ்வகைக் கார்களுள் ஒன்று 2014இல் அமெரிக்காவில் 3 கோடியே 81 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 1948ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரெஞ்சுப் பனிச்சறுக்கு வீரர் ஆன்ரி ஒரெயே, 1962இல் பாரிசுக்கு அருகிலுள்ள மோன்லேரி தடத்தில் உயிரிழந்தது அதே காரில்தான். கார் செப்பனிடப்பட்டது, மீண்டும் பந்தயம் ஓடியது. செப்பனிட்டவர்கள் கழித்த தகடு எங்கே போயிற்று என்று அன்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அடுத்த பந்தயத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் விலை இவ்வளவு ஏறும் என்று தெரிந்த பின்னரே கழித்த தகட்டுக்கும் மதிப்பு வந்தது.

சேசிஸ் தனி, கூடு தனி என்றிருந்த காலம்வரை வழக்குகளுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. சேசிஸில் எண் பொறித்திருக்கும், அது காரின் உயிர்நிலை, கூடு உடை. அடித்தளமும் கூடும் ஒன்றாய் இணைந்த ஓருடல் கார்கள் பெருகியதும் அப்பிடிமானம் நழுவிற்று. 1961இல் ஜெனீவாக் கண்காட்சியில் வெளியான ஜாகுவார் 'இ-டைப்' காரின் நடுப்பகுதி இத்தகையது. 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் விற்ற 'எம்ஜிபி' என்னும் சிறிய விரைவுக் காரும் இத்தகையதே. இவற்றில் உடையை மாற்ற முயன்றால் உயிர்நிலையும் சேர்ந்து வெளியே வரும்.

பிரித்தானியச் சாலைகளில் பனிக்காலத்தில் உப்புத் தூவுவர். கதவுக்குக் கீழே இரட்டைத் தகட்டால் ஆன பெட்டி போன்ற பகுதியில் அவ்வுப்பு நீர் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். துருப்பிடித்த இடத்தை வெட்டி எறிந்து ஒட்டுத்தகடு வைத்துப் பற்றவைப்பது நம்மூர் டிங்கர் வேலைதான். ஒட்டு மேல் ஒட்டாக எத்தனை காலம் ஓட்டுவது? பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்னும் நிறுவனம், எம்ஜிபி காரின் தகடுகளை முன்பு அழுத்திய அதே அச்சுகளைத் தேடித் திரட்டி, 1988 முதல் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கிற்று. அச்சு பழையது, தகடு புதியது. பழைய காரின் எஞ்சினையும் அச்சுகளையும் இருக்கைகளையும் புதிய உடலுக்குள் மாற்றிவிட்டுப் பழைய உடலைக் கழித்துவிடலாம்.

இப்படி மாற்றிய காருக்குப் பழைய பதிவெண் உரியதா? பிரித்தானிய வாகனப் பதிவு அலுவலகம் இதற்கென ஒரு மதிப்பெண் முறையை நெடுங்காலம் கையாண்டது. அடிச்சட்டத்துக்கு அல்லது ஓருடல் கூட்டுக்கு 5, அதிர்வு தாங்கும் அமைப்புக்கு 2, அச்சுகளுக்கு 2, கியர் அமைப்புக்கு 2, ஸ்டீரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. எட்டு மதிப்பெண் தேறினால் பழைய எண் நிலைக்கும். உடல் பழையதாகவோ, அதைச் செய்த நிறுவனத்தாரிடமிருந்து புதிதாக வாங்கியதாகவோ இருக்கலாம். எஞ்சினைக் காரின் இதயம் என்று எழுதுவது நம் எழுத்தாளர் வழக்கம். அதற்கு ஒரே மதிப்பெண் கொடுத்த அலுவலரின் துணிவை நான் மெச்சுகிறேன்.

செருமானியரின் போர்ஷே 356 வகைக் கார் வேறொரு வழியில் பாடம் சொல்கிறது. கதவையும் முன்மூடியையும் பின்மூடியையும் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியே ஈயம் இழைத்துப் பொருத்தினர். ஒன்றின் கதவு மற்றொன்றுக்கு அப்படியே பொருந்தாது. பட்டறையில் இடம் மாறிவிடாதபடி காரின் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களைக் கதவிலும் மூடிகளிலும் குத்திவைத்தனர். வேலை வசதிக்காகத் தொழிலாளர் இட்ட அக்குறிதான் இன்று 'எண் ஒத்த கார்' என்று விலையை ஏற்றும் சான்றாகியிருக்கிறது. விலை ஏறவே, புதிய கதவில் பழைய எண்ணைக் குத்துவோரும் தோன்றினர். ஏட்டின் ஈற்றில் படியெடுத்தவன் தன் பெயரையும் நாளையும் பொறித்த குறிப்பு, அவன் எண்ணாத வகையில் பிற்காலத்தார்க்குச் சான்றானதும் இப்படித்தான்.

தொழிற்சாலையே காலத்தைப் பின்னோக்கித் திருப்ப முயன்ற செய்தியும் உண்டு. 1957 பிப்ரவரியில் கவென்ட்ரி நகரத்து ஜாகுவார் தொழிற்சாலையில் தீப்பற்றியது. அங்கே கட்டப்பட்டுக்கொண்டிருந்த 'எக்ஸ்கேஎஸ்எஸ்' வகைக் கார்கள் ஒன்பது அழிந்தன. திட்டமிட்டவை 25, உலகைக் கண்டவை 16. 2016இல் அந்நிறுவனம், தீயில் போன ஒன்பதையும் புதிதாகக் கட்டி விற்கப்போவதாக அறிவித்தது. அதற்கு முன்பே 2014இல் வேறொன்றைச் செய்திருந்தது. 1963இல் அலுமினிய உடல் கொண்ட பந்தய இ-டைப் கார்களுக்கென 18 எண்களை ஒதுக்கி, 12 மட்டுமே கட்டியிருந்தனர். எஞ்சிய ஆறு எண்களையும் 50 ஆண்டுக்குப் பின் எடுத்து ஆறு கார்களைச் செய்தனர். செய்த நிறுவனம் அதுவே, எண் அதுவே, அளவும் அதுவே. புதுப்பேட்டைக் கடைக்காரர் இவற்றைத் தயங்காமல் 'ஒரிஜினல்' என்பார். என் மனம் ஒப்பவில்லை. இவற்றுக்குக் கடந்தகாலமே இல்லை. ஓட்டுநர் பயந்த வளைவு இல்லை. இடித்துக்கொண்ட சுவர் இல்லை. மூன்று உறுப்புகளே எஞ்சிய பென்ட்லியோடு ஒப்பிட, முழு உறுப்பும் ஒழுங்காக அமைந்த இவையே எனக்கு ஐயத்துக்குரியனவாகத் தோன்றுகின்றன.

இதற்கு நேர்மாறாக, தொடாமையே மதிப்பாகிய காட்சியையும் அண்மைக் காலம் கண்டது. பிரான்சில் ஒரு பண்ணையில் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த கார்களின் தொகுதி ஒன்று 2014இல் வெளிப்பட்டது. அவற்றுள் ஃபெராரியின் 'கலிஃபோர்னியா ஸ்பைடர்' ஒன்று பழைய இதழ்க் கட்டுகளின் கீழே புதைந்திருந்தது. 2015 பிப்ரவரியில் பாரிசில் 1 கோடியே 63 இலட்சம் யூரோவுக்கு அது விலைபோயிற்று. ஏலம் விட்டவர்கள் அதன்மேல் படிந்த தூசியைக்கூடத் துடைக்கவில்லை. வீட்டில் ஒட்டடை அடிக்காதவர்களுக்கு இது ஆறுதலாகலாம்.

2009இல் சுவிட்சர்லாந்தின் மாஜோரே ஏரியிலிருந்து 1925ஆம் ஆண்டுப் புகாட்டி ஒன்றை வெளியே எடுத்தனர். சுங்கவரி கட்டாததால் அதிகாரிகள் அதனைச் சங்கிலியில் பிணைத்து ஏரியில் இறக்கினர் என்றும், சங்கிலி அறுந்து ஆழத்தில் அமிழ்ந்தது என்றும் கூறுவர். ஒரு பக்கம் தகடு இருந்தது. மறுபக்கம் முற்றிலும் கரைந்திருந்தது. 2010இல் 2,60,500 யூரோவுக்கு ஏலத்தில் வாங்கிய கலிஃபோர்னிய அருங்காட்சியகத்தார் புதுத் தகடு பூட்டவில்லை. அருங்காட்சியகம் 2024இல் மூடப்படும்வரை, நீர் அரித்த கோலத்திலேயே அது ஒளிவிளக்கின் கீழ் நின்றது. இனி அதனால் ஓடமுடியாது. ஓட்டுவதற்கென்று பிறந்த ஒன்றை ஓட விடாமல் காப்பது காப்பதுதானா என்று கேட்போருக்கும் ஞாயம் உண்டு.

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே ஒரு நெறி தேடப்பட்டது. பழங்கட்டடங்களைப் பேணும் முறை குறித்து 1964இல் வெனிசு நகரில் ஒரு சாசனம் உருவானது. அதன் வழியில், பழைய வண்டிகளின் உலகக் கூட்டமைப்பாகிய ஃபிவா 2012இல் துரின் சாசனத்தை ஏற்றது. காலப்போக்கில் நேர்ந்த மாற்றங்களும் வண்டியின் வரலாறே. புதிய உறுப்பைப் பூட்டினால் அது புதியது என்று அறியும்படி அதில் நிலையான குறியிட வேண்டும். செய்த வேலை முழுவதையும் எழுதிவைக்க வேண்டும் என்பன அதன் கருத்துகள். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களைத் தனியே காட்டியதன் அருமை தெரிந்தவர்களுக்கு இந்நெறி புதிதன்று. பழுதுற்ற ஏட்டைப் புதிய ஓலையில் படியெடுத்தபின் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட வழக்கமும் நமக்கு இருந்தது. படியெடுத்தவன் எங்கே தடுமாறினான் என்று சரிபார்க்க, விட்ட ஏடு திரும்பி வரப்போவதில்லை. கழித்த தகட்டைக் குப்பைமேட்டுக்கு அனுப்பும் பட்டறைக்காரரும் இதையேதான் செய்கிறார்.

பழைய கிரேக்கத்தில் தீசியசு என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு நகரத்தார் பலகை பலகையாக மாற்றிக் காத்ததையும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டதையும் புளூட்டார்க் எழுதிவைத்தார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் ஹாப்ஸ் அவ்வாதத்தில் ஒரு முடிச்சைக் கூட்டினார்: கழித்த பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியசின் கப்பல்?

ஹாப்ஸின் கற்பனை ஒரு காரின் வரலாற்றில் ஏறத்தாழ அப்படியே நிகழ்ந்தது. அலுமினிய உடல் கொண்ட பன்னிரண்டு இ-டைப் கார்களுள் ஒன்றைச் செருமானிய ஓட்டுநர் பீட்டர் லிண்ட்னர் ஓட்டிவந்தார். 1964 அக்டோபரில், மேலே குறித்த அதே மோன்லேரி தடத்தில், மழையில் கார் நிலைகுலைந்து பறந்தது. லிண்ட்னரும், மற்றொரு காரில் இருந்த ஓட்டுநரும், தடத்தில் பணிபுரிந்த மூவரும் இறந்தனர். நசுங்கிய உடல் செப்பனிடத் தகாதது என்று ஒதுக்கப்பட்டது. பின்னாளில் புதிய அலுமினிய உடல் ஒன்றைச் செய்து, பழைய காரின் எந்திர உறுப்புகளை அதில் பூட்டிக் காரை உயிர்ப்பித்தனர். ஆனால் நல்வாய்ப்பாக நசுங்கிய உடலை எவரும் உருக்கவில்லை. அது ஒரு மூலையில் கிடந்தது.

இங்கிலாந்தின் பிரிட்ஜ்நார்த் ஊர்ப் பட்டறை ஒன்று அதை எடுத்தது. காகிதம்போல் கசங்கியிருந்த தகடுகளை ஆணி ஆணியாகப் பிரித்தனர்; ஒவ்வொன்றையும் விரித்துத் தட்டி நேராக்கினர்; கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டிட்டு, அந்தந்தத் தகட்டை அந்தந்த இடத்திலேயே மீண்டும் பொருத்தினர். ஆயிரக்கணக்கான மணிநேரம் பிடித்த அவ்வேலை 2011இல் நிறைவுற்றது. புதிய தகட்டில் செய்திருந்தால் அதில் சிறு பங்கு நேரமே ஆகியிருக்கும். எந்திர உறுப்புகள் புதிய உடலிலிருந்து கழன்று, 47 ஆண்டுக்குப்பின் தம் பழைய உடலுக்குத் திரும்பின.